தரங்கம்பாடியில் யாருக்கு அமைதி?

அதிகாலை மூன்று மணிக்குத் தரங்கம்பாடி மீனவர் தெருக்களில் அமைதி கிடையாது. டீசல் கேன், ஐஸ் பெட்டி, வலை என்று ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மணலில் இறங்கிவிடுவார்கள். பைபர் படகை நாலைந்து பேர் சேர்ந்து அலைக்குள் தள்ளுவார்கள். முதல் எஞ்சின் உறுமியதும் அடுத்தது, அதற்கடுத்தது என்று கரை முழுக்கச் சத்தம். விடிந்து படகுகள் திரும்பத் தொடங்கினால் ஏலக் கூச்சல். மத்தி, கானாங்கெளுத்தி, சங்கரா, கிழங்கான் எல்லாம் மணலில் கூறு கூறாகக் கொட்டிக் கிடக்கும். அன்னக்கூடையோடு காத்திருக்கும் பெண்கள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடி, வாங்கிய கையோடு பொறையாருக்கும் அதைத் தாண்டிய கிராமங்களுக்கும் கிளம்பிவிடுவார்கள்.

அதே கடற்கரையில், கூப்பிடு தூரத்தில், டேனிஷ் கோட்டைக்கு எதிரே வேறோர் ஊர் இருக்கிறது. ராஜ வீதியின் அகலமான தெரு, தூண் வைத்த வராந்தாக்கள், இரண்டு பழைய தேவாலயங்கள், காலை பத்து மணிக்கும் ஆள் நடமாட்டம் இல்லாத நடைபாதை. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வார இறுதியில் வருகிறவர்கள் பார்ப்பது இந்த ஊரை. "எவ்வளவு அமைதி!" என்று சொல்லிவிட்டுப் போவதும் இதைப் பற்றித்தான்.

இருபதாயிரத்தைச் சற்றுத் தாண்டிய மக்கள்தொகை கொண்ட பேரூராட்சி இது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீர்காழிக்கும் காரைக்காலுக்கும் நடுவே இருக்கிறது. 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது மயிலாடுதுறை மாவட்டம். பொறையாரும் இதே பேரூராட்சிக்குள்தான் வருகிறது. கடைத்தெரு, பஸ், கல்லூரி, ஆஸ்பத்திரி என்று ஊருக்குத் தேவையான பரபரப்பெல்லாம் பொறையார் பக்கம் போய்விட்டதால், கோட்டையைச் சுற்றிய பகுதி தனியாக நின்றுவிட்டது. அது இப்படி ஆனதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் இந்த அமைதியைப் பார்க்கும் பார்வையே கொஞ்சம் மாறிவிடும்.

ஒரு காலத்தில் இது சத்தமான ஊர். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானின் ஆட்கள் ஓவ கெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் வந்து, தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது 1620 நவம்பரில். ஆண்டு வாடகை பேசி, கடற்கரையில் கோட்டை கட்டிக்கொண்டார்கள். ரகுநாதர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனியர்களுக்கு முன்பே இங்கே வணிகம் இருந்தது. 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயில் கடலோரத்திலேயே நிற்பது அதற்குச் சாட்சி. அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் கருங்கல் தடுப்பு போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

துணி, மிளகு என்று கப்பல்கள் வந்து போயின. அடிமைகளாக வாங்கப்பட்ட மனிதர்களும் 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். அழகான கோட்டையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது இந்தச் செய்தியும் நினைவில் இருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் கிடங்கும் வெடிமருந்து அறையும் சிறையும், மேல்தளத்தில் கவர்னரின் குடியிருப்பும் என்ற கோட்டையின் அமைப்பே எது எதற்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லிவிடும்.

1706 ஜூலையில் கிறிஸ்தவ மதபோதகர் பார்த்தலோமியு சீகன்பால்கு வந்து இறங்கினார். தெருப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். உள்ளூர் டேனிஷ் நிர்வாகத்தோடு மோதி, அதே கோட்டையில் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். ஐரோப்பாவிலிருந்து அச்சு இயந்திரத்தையும் தமிழ் எழுத்துகளையும் வரவழைத்து, காகிதம் போதாமல் பொறையாரில் காகித ஆலையே ஏற்படுத்தி, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை இங்கே அச்சிட்டார்கள். அந்த வேலை 1715இல் முடிந்தது. புதிய எருசலேம் தேவாலயம் 1718இல் எழுந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் சீகன்பால்கு இறந்தார், வயது 36. தமிழ் அச்சின் வரலாற்றில் ஒரு முழு அத்தியாயம் இந்தச் சின்ன ஊரின் சில தெருக்களுக்குள் நடந்து முடிந்திருக்கிறது. அச்சுக் கோப்பவர், எழுத்து வார்ப்பவர், தாள் காய்ச்சுபவர், கட்டுமானம் செய்பவர் என்று ஊர் எத்தனை கைகளை வேலைக்கு வைத்திருக்கும்!

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. நெப்போலியன் காலத்துப் போர்களில் ஆங்கிலேயர்கள் இரண்டு முறை ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை 1815இல் திருப்பிக் கொடுத்தபோது வணிகம் படுத்துவிட்டிருந்தது. 1845இல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் கொஞ்சம் உயிர் இருந்தது. தஞ்சை மாவட்டக் கலெக்டரின் அலுவலகம் இங்கே இருந்தது. பின்னாளில் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய வேதநாயகம் பிள்ளை இந்த ஊரில் முன்சீப்பாக இருந்தார். 1860இல் கலெக்டர் அலுவலகம் தஞ்சாவூருக்குப் போனது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கு ரயில் இருக்கும் துறைக்குத்தானே போகும்? தரங்கம்பாடித் துறையின் கதை அதோடு முடிந்தது. ஊருக்கு ரயில் வந்தது 1926இல், அன்று மாயவரம் எனப்பட்ட மயிலாடுதுறையிலிருந்து. அதுவும் 1980களில் நிறுத்தப்பட்டது. அந்தப் பாதையை மீண்டும் போடுங்கள் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ராஜ வீதியின் அமைதிக்குக் காரணம் இதுதான். துறை போய், அலுவலகம் போய், ரயிலும் போன இடத்தில் மிஞ்சிய அமைதி அது. விருந்தாளிக்கு அது ஓய்வு. ஊர்க்காரருக்கோ, படித்து முடித்த பிள்ளைக்கு ஊரில் வேலை இல்லை என்று அதற்குப் பொருள். பொறையாரில் பிஷப் மாணிக்கம் பெயரில் லுத்தரன் கல்லூரி இருக்கிறது, பட்டம் வாங்கலாம். வாங்கியபின் சென்னை, திருப்பூர், வளைகுடா, சிங்கப்பூர் என்று கிளம்ப வேண்டியதுதான்.

கடலோரத்தில் குடியிருப்பது என்றால் உப்போடு குடியிருப்பது. ராணி வீதிப் பக்கம் எந்தப் பழைய வீட்டுக் கதவையும் கிட்டே போய்ப் பார்க்கலாம். கீல் துருவேறி, அதன் கீழே மரத்தில் காவி நிறத்தில் கோடு இறங்கியிருக்கும். மோட்டார் சைக்கிளின் சைலன்சர், பிரிட்ஜின் அடித்தகடு, மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முறுக்குக் கம்பி என்று இரும்பு எங்கே தெரிந்தாலும் காற்று அதைத் தேடிப் பிடித்துவிடும். கடலை ஒட்டிய கிணறுகளில் தண்ணீர் உவர்க்கும்.

சுவருக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. ஈரத்தோடு சேர்ந்து உப்பும் செங்கலுக்குள் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் மெல்ல வெளியேறிவிடும். உப்பு பூச்சின் மேல் வெள்ளையாகப் பூத்து உதிர்ந்துபோகும். சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூசினால் சுவர் நூறு, இருநூறு வருடம் நிற்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு உள்ளேயே படிகமாகி, விரிந்து, செங்கலை மாவாக்கிவிடும். வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும் சிமென்ட் ஒருநாள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்போது, பின்னால் செங்கலுக்குப் பதில் சிவப்புப் பொடி கொட்டும். பழைய வீட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் செலவுக்குப் பயந்து சிமென்ட் பூசியதால் போன சுவர்கள் இந்தக் கடற்கரை முழுக்க உண்டு. சுண்ணாம்பு நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, பதம் பார்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துபோனதும் ஒரு காரணம்.

தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். சுற்றுலாப் பேச்சில் இது நிலைத்தே விட்டது. உண்மையில் தரைமட்டத்து ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல் செய்யும் வாயு. கடற்கரையில் மூக்குக்கு எட்டும் அந்த வாசனைக்குக் கடல் நுண்ணுயிர்களால் உண்டாகும் டைமெத்தில் சல்பைடு போன்ற வாயுக்களே முக்கியக் காரணம். கடற்காற்று நல்லது என்று சொல்ல அது சுத்தமான காற்று என்பதே போதும். இல்லாத பெருமை இந்த ஊருக்குத் தேவையே இல்லை.

மீனவர் தெருவின் ஆண்டுக்கணக்கு வேறு. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றை வைத்து அவர்களுக்கு மாதம் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்களில் கொடி ஏற்றினால் படகுகள் கரையில் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் விசைப்படகுகள் எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு இது. முன்பு 45 நாளாக இருந்தது. விசைப்படகுகள் நிற்கும் இந்த நாட்களில் சிறிய படகுக்காரர்களின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் அரசு நிவாரணத்தையும் கடனையும் வைத்து இரண்டு மாதத்தைத் தள்ள வேண்டும்.

கடலில் யாருக்கு எவ்வளவு என்ற சண்டையும் இந்தக் கரையில் பெரிது. சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000இல் தடை செய்தது. ஒரு கூட்டத்து மீனை மொத்தமாகச் சுற்றி வளைத்து அள்ளிவிடும் வலை அது. அது வேண்டும் என்று சில ஊர்கள், கூடவே கூடாது என்று சில ஊர்கள். ஒரே சாதி, ஒரே உறவு, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களே இரண்டு பக்கமாக நின்று மறியல், உண்ணாவிரதம் என்று போனார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. இப்படிப்பட்ட வழக்குகள் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசப்படும். வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு என்று கணக்கிட்டு வரி வைத்து, கோயில் திருவிழாவிலிருந்து வலைச் சண்டை வரை தீர்த்துவைக்கும் அமைப்பு அது. சோழமண்டலக் கடற்கரை மீனவ கிராமங்களில் இன்றும் அரசு அலுவலகத்தைவிட அதற்குக் குரல் அதிகம். பெண்களுக்கு அதில் இடமில்லை என்பது அதன் பெரிய குறை. கரைக்கு வரும் மீனை விற்றுக் காசாக்கிக் குடும்பத்தை நடத்துவதில் பாதிப் பங்கு அவர்களுடையது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கரையில் மீன் வியாபாரம் நடக்கும் காலை நேரத்தில் கடல் சுனாமியாக ஊருக்குள் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரங்கம்பாடியில் முந்நூறுக்கும் மேல். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் படகுகள் கடலுக்குப் போவதில்லை. குடும்பங்கள் ஊர்வலமாக வந்து கடலில் பூவும் பாலும் விடுகிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஊரின் வாழ்க்கையை அதிகம் மாற்றியது. 2005 மார்ச்சில் அரசு ஆணை ஒன்று வந்தது. அலைமட்டக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்களுக்கு, அதைத் தாண்டிய இடத்தில் அரசு வீடு கட்டித் தரும். வாங்கிக்கொண்டால் பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். போக விருப்பமில்லை என்றால் வீடு கட்ட உதவி கிடையாது. உயிரைக் காப்பாற்றும் எண்ணம்தான். ஆனால் மீனவருக்குக் கடலைப் பார்த்தபடி வீடு இருப்பது தொழிலின் ஒரு பகுதி. நீரின் நிறம், காற்றின் திசை, பறவை கூடும் இடம் எல்லாம் வாசலில் நின்றே தெரிய வேண்டும். படகும் வலையும் கண்பார்வையில் கிடக்க வேண்டும். வீடு உள்ளே போனால் எஞ்சினையும் வலையையும் தினம் சுமக்க வேண்டும், ராத்திரியில் காவலும் வேண்டும்.

தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தரங்கம்பாடியிலும் பக்கத்துச் சின்னங்குடியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. நாகைக் கடற்கரை முழுக்கப் பல நிறுவனங்கள் கட்டின. ஓலையும் ஓடும் போய்க் கான்கிரீட் மொட்டை மாடி வந்தது. புயலுக்கு அது உறுதி, அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் இடத்தைச் சமப்படுத்தும் அவசரத்தில் பல கிராமங்களில் நிழல் தந்த வேம்பும் தென்னையும் பூவரசும் வெட்டப்பட்டன. முன்பு மதிய வேளையில் வலை பின்னுவதும், சீட்டுப் பணம் கணக்குப் பார்ப்பதும், பிள்ளை தூங்குவதும் மரத்தடியில் நடந்தன. கான்கிரீட் வீட்டுக்குள் மே மாத மதியத்தில் உட்கார முடியாது. மரங்கள் மறுபடி வளர்ந்து நிழல் கொடுக்கப் பல வருடம் ஆனது.

கடலோரத்திலிருந்து மீனவக் குடும்பங்கள் பின்னே போன அதே ஆண்டுகளில்தான் கோட்டைப் பக்கம் புதுப்பிப்பு வேலைகள் மும்முரமாயின. 1970களின் பிற்பகுதி வரை பயணியர் விடுதியாக இருந்த கோட்டை, தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக ஆகியிருந்தது. டென்மார்க்கில் அமைந்த தரங்கம்பாடிச் சங்கம் கோட்டையைப் பழுது பார்க்கக் கை கொடுத்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் கவர்னர் மாளிகையைச் சீரமைக்க உதவியது. கலெக்டர் வசித்த பழைய பங்களா விடுதியானது. யாருடைய வரலாறு இங்கே காப்பாற்றப்படுகிறது என்ற கேள்வியை டென்மார்க் மானுடவியல் ஆய்வாளர் ஹெல்லே யோர்கன்சன் தன் நூலின் தலைப்பிலேயே வைத்தார். நியாயமான கேள்வி. 1620க்கும் 1845க்கும் இடையிலுள்ள இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு வந்த பணமும் கவனமும் அதற்கு முன்னும் பின்னும் இங்கே வாழ்ந்தவர்களின் தெருக்களுக்கு வரவில்லை.

விதிவிலக்கு ஒன்று தட்டாரத் தெரு. இங்கே இருந்தவை கவர்னர்களின் மாளிகைகள் அல்ல. திண்ணை, ஓட்டுக் கூரை, நடுவில் சின்ன முற்றம், மரத்தூண் கொண்ட சாதாரணத் தமிழ் வீடுகள். பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு இவற்றில் சிலவற்றைப் பழைய முறையிலேயே சீரமைத்தது. ஓட்டின் அடியில் சரமும் ரீப்பரும் மாற்றி, சுவரில் சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். தெருவில் நடந்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஆள் உட்காரும் உயரத்தில் திண்ணை, வெயில் படாத வாசல். இந்த ஊரில் நடந்த சீரமைப்புகளிலேயே அதிகம் பாராட்டத் தக்கது இதுதான். கோட்டையைக் காட்டுவதற்காக வைத்திருக்கிறோம். இந்த வீடுகளிலோ மனிதர்கள் குடியிருக்கலாம்.

தரங்கம்பாடிக்கு இனி செய்ய வேண்டியதும் இந்தத் திசையில்தான் இருக்கிறது. கோட்டை, கவர்னர் மாளிகை, சீயோன் தேவாலயம், புதிய எருசலேம் தேவாலயம், 1792இல் கட்டிய நுழைவாயில், ராஜ வீதியின் வீடுகள் என்று உப்புக் காற்றில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் சில ஆண்டுக்கு ஒருமுறை பூச்சு வேலை இருந்துகொண்டே இருக்கும். அந்த வேலையை வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து முடித்துவிட்டுப் போவதற்குப் பதில், பேரூராட்சியும் தொல்லியல் துறையும் சேர்ந்து உள்ளூர் இளைஞர்கள் இருபது பேருக்குச் சுண்ணாம்பு வேலையும் மரவேலையும் கற்றுக்கொடுக்கலாம். மீனவர் தெருவில் வலை பின்ன ஒரு நிழற்கூடம், கருவாடு காயவைக்க மணல் ஒட்டாத தளம், ஏலக் கரையில் பெண்களுக்குக் கழிப்பறையும் நல்ல தண்ணீர்க் குழாயும் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மாளிகையைச் சீரமைக்கும் செலவில் சிறு பங்குதான். சுற்றுலாத் திட்டம் என்று அடுத்த முறை கோப்பு நகரும்போது, கோட்டை முன்னால் இன்னொரு வரிசை அலங்கார விளக்கு நடுவதற்கு முன் இந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும்.